மே மாதத்திலும் பள்ளிக் கதவைத் திறந்து வையுங்கள்

பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும், ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், என்னைப் போலப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். எங்கள் பிள்ளைகள் மூன்று வருஷமாகப் பள்ளி வளாகத்தில் மரம் வளர்க்கப் பாடுபடுகிறார்கள், கொஞ்சம் வளர்த்தும் காட்டியிருக்கிறார்கள். கன்று வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிக் கதவின் சாவியும் ஒரு தொட்டித் தண்ணீரும் கேட்கிறார்கள். அவர்கள் சார்பில் அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளிக்கு நாற்பது கன்றுகள் வந்தன. பெரியவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். இரும்புக் கூண்டுகளும் வந்தன, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் எழுதிய தகடு. குழிகளை முந்தின நாளே இயந்திரம் வைத்துத் தோண்டிவிட்டார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டினார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையில் மண்கூடப் படவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து நான் போய்ப் பார்த்தபோது மூன்று கன்றுகள் நின்றன. மற்ற கூண்டுகளுக்குள் காய்ந்த குச்சிதான். சிலவற்றில் அதுவும் இல்லை. “நான் தினமும் ஊத்தினேம்மா, காலாண்டு லீவுல மட்டும்தான் ஊத்தல” என்று என் மகள் அழுதுகொண்டே சொன்னாள். தன்னால்தான் கன்று செத்தது என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது.

அவள்மேல் தப்பே இல்லை. நட்ட காலம் தப்பு. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றை நீங்களும் அறிவீர்கள். மலைக்கு அந்தப் புறம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப்போய் இந்தப் புறம் இறங்குகிற காற்று அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். இரண்டடிக் கன்று எப்படித் தாங்கும்? பள்ளி வாசலில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் அன்றைக்கே சொன்னார்: “காத்தடி காலத்துல கன்னு ஊனுனா அது எப்படிம்மா வேர் புடிக்கும்?” அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் நாடு முழுக்க மரம் நடுகிற வன மகோத்சவம் 1950இல் கே.எம். முன்ஷி மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. ஜூலை முதல் வாரம் என்பது தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் மாநிலங்களுக்குப் பொருத்தமான நாள். நமக்கு வருஷ மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் கிடைக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே என்று கேட்கலாம். ஆடியில் மழையோ ஆற்றுத் தண்ணீரோ வருகிற ஊர்களுக்கு அது சரி. மானாவாரிக் கரிசலில் எங்கள் ஆட்கள் புரட்டாசிப் பட்டத்தில்தான் விதைக்கிறார்கள். கம்புக்கும் பருத்திக்கும் பார்க்கிற காலத்தைப் பள்ளிக்கூடத்துக் கன்றுக்கும் பார்க்கலாம் இல்லையா?

அடுத்த வருஷம் பிள்ளைகளே பார்த்தார்கள். அறிவியல் ஆசிரியை ஒருவர் துணைக்கு நின்றார். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், யாரும் தண்ணீர் ஊற்றாமலே நம் ஊரில் நிற்கிற மரங்கள் எவை என்று எழுதி வந்தார்கள். வேம்பு, புங்கை, பூவரசு, புளி, ஊருணிக் கரையில் அரசு. அவற்றில் புங்கையை அதிகம் வைக்கலாம் என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். காரணமும் சொன்னாள். புங்கை மாசியில் இலையெல்லாம் கொட்டும். ஊரே பொசுங்குகிற சித்திரைக்குள் பளபளவென்று புது இலை விட்டுவிடும். பரீட்சை சமயத்தில் நிழல் கிடைக்கும். அவள் வீட்டு வாசலில் ஒரு புங்கை இருக்கிறது, வருஷாவருஷம் பார்த்ததைச் சொன்னாள். இந்த அறிவு எந்தச் சுற்றறிக்கையிலும் வராது.

கன்றுகளையும் அவர்களே போட்டார்கள். கோடையில் பொறுக்கி வைத்த புங்கங்காய்களை உடைத்து, வீடுகளிலிருந்து பால் கவர் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணியும் நிரப்பி ஜூனில் ஊன்றினார்கள். வேப்பங்கொட்டை பழுத்து விழுந்த சில வாரங்களில் ஊன்றிவிட வேண்டும், எடுத்து வைத்தால் முளைப்பு போய்விடும் என்பதை அப்போதுதான் நானே கற்றேன். புரட்டாசி கடைசியில் புங்கை முழங்கால் உயரம் வந்திருந்தது. வேம்பு சிறிசாக இருந்ததால் அதை மறு வருஷத்துக்கு வைத்துக்கொண்டார்கள். முப்பது குழிகள், முப்பது கன்றுகள். இந்த முறை எல்லாக் குழியும் பிள்ளைகள் தோண்டியது.

கூண்டுக்குக் காசில்லை. சுற்றுவட்டாரம் எங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அதன் முள்ளை வெட்டிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் அடைத்தோம். இரும்புக் கூண்டுக்குள் தலையை விட்டு மேய்ந்த ஆடு இந்த முள்ளுக்குப் பக்கத்தில் வரவில்லை.

தண்ணீருக்கு அவர்கள் கண்ட வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதியம் சத்துணவு முடிந்ததும் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தட்டுக் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீர் குழாயடியில் தேங்கி, சுவரோரம் வழிந்து, கொசு உண்டாக்கிக்கொண்டிருந்தது. வளாகம் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போதும் அந்த ஓர் இடத்தில் மட்டும் வருஷம் முழுக்கப் புல் பச்சையாக இருப்பதை ஒரு பையன் காட்டினான். அங்கிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். முதல் வாரம் சோற்றுப் பருக்கை அடைத்து நாற்றம் எடுத்தது. ஆசிரியர் அறைக்கே வாடை வந்து, மூடிவிடச் சொல்லிப் பேச்சு வந்தது. அப்புறம் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளியில் தேங்காய் நாரைத் திணித்து வாய்க்கால் தலைமாட்டில் புதைத்தார்கள். பருக்கை நாரில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாரை எடுத்து உரக்குழியில் போட்டுவிட்டுப் புது நார் வைப்பார்கள். வாளிக்கு அடுத்து இரண்டு பாத்தி நிறையக் கல்வாழை. அதைத் தாண்டி நாலு வாழை. அதற்கப்புறம்தான் புங்கை வரிசை. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தபோது, மூடச் சொன்ன ஆசிரியரே அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியதை நான் பார்த்தேன்.

இதோடு, சாயங்காலம் மணி அடித்ததும் தண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருப்பதைத் தன் கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பள்ளி நடக்கிற வரைக்கும் எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. பள்ளி மூடியதும்தான் பஞ்சம்.

ஏப்ரல் கடைசியில் முப்பதில் இருபத்தாறு கன்றுகள் உயிரோடு இருந்தன. தேர்வு முடிந்தது. கதவு பூட்டப்பட்டது. சாவி தூய்மைப் பணி செய்யும் அக்காவிடம் இருந்தது. அவர் முதல் வாரம் காலையில் திறந்துவிட்டார், பிள்ளைகள் ஊற்றினார்கள். பிறகு யாரோ புகார் சொல்ல, விடுமுறையில் மாணவர்களை உள்ளே விட்டால் நடவடிக்கை வரும் என்று மேலிருந்து போன் வந்தது. அக்கா பயந்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். தொகுப்பூதியத்தில் இருப்பவர் வேறு என்ன செய்வார்?

அது அக்கினி நட்சத்திரம். கரிசல் மண் அந்த வெயிலில் வெடிப்பு விடும், மாசியில் விரல் நுழையும், சித்திரையில் கையே நுழையும். வெடிக்கிறபோது இளவேரையும் சேர்த்து அறுத்துவிடும். பிள்ளைகள் மதிலுக்கு வெளியே குடத்தோடு வந்து நின்றார்கள். இரண்டு பையன்கள் ஏறிக் குதிக்கப் பார்த்தார்கள், நானே திட்டி இறக்கினேன். கடைசியில் மதிலில் கல் பெயர்ந்த ஓட்டை வழியாகப் பழைய ஹோஸ் பைப்பை விட்டு, இந்தப் பக்கம் புனல் வைத்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். பைப் எட்டிய தூரம் வரைக்கும் தண்ணீர் போனது. ஜூனில் பள்ளி திறந்தபோது பதினேழு கன்றுகள் பிழைத்திருந்தன. எல்லாமே அந்த மதிலோரத்து வரிசைகள். நடுவில் இருந்தவை ஒன்றும் இல்லை. அன்றைக்கு வளாகத்தைப் பார்த்தாலே போதும், பைப் எதுவரை எட்டியது என்று கோடு போட்டுக் காட்டலாம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பாம்பு கடித்தால், தொட்டியில் விழுந்தால், மதில் சரிந்தால் யார் பதில் சொல்வது? பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு வீடியோ பரவினால் தலைமை ஆசிரியரின் நிலை என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமா எங்களை வைத்தார்கள்? விடுமுறையில் வாரம் இரண்டு நாள், காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள், இன்னின்ன பிள்ளைகள், கூட இருக்கும் பெற்றோர் இன்னார் என்று பட்டியல் போட்டுத் தருகிறோம். சாவியை எழுதி வாங்கி எழுதிக் கொடுக்கிறோம். பொறுப்பை எங்களோடு பகிர்ந்துகொள்ள ஓர் உத்தரவு மட்டும் போடுங்கள்.

வாரம் இரண்டு நாள் போதுமா என்றால், இந்த வருஷம் போதும். மேலாண்மைக் குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மண்பானை வாங்கியிருக்கிறோம். கழுத்து வரைக்கும் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து, நிரப்பி, மூடிவிட்டால் பானையிலிருந்து கசிகிற ஈரம் வேருக்கு மூன்று நான்கு நாள் வருகிறது. சுற்றிலும் காய்ந்த சருகைப் பரப்பினால் வெடிப்பும் குறைகிறது. குயவர் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் பள்ளியில் படிக்கிறான். மெருகு போடாத பானைதான் கசியும் என்று அவன் சொல்லித்தான் சரியான பானையை வாங்கினோம்.

ஊராட்சியிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஊருக்கு மோட்டார் போடும் தொட்டி ஆபரேட்டர், அந்த இரண்டு நாளும் பள்ளித் தொட்டிக்கும் அரைமணி நேரம் வால்வைத் திறந்துவிட வேண்டும்.

துறையிடம் இன்னொன்று. ஜூன் 5ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த நாளை விதை ஊன்றும் நாளாக வையுங்கள். பால் கவரில் கொட்டை போடும் நாள். நடுவதை ஐப்பசிக்குத் தள்ளுங்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதே 2022 செப்டம்பர் 24 அன்று, மழைக்கு முன்னால், சரியான காலத்தில். மாநிலத்தின் வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அதன் இலக்கு. அந்த இலக்குக்குப் பள்ளிகள் எத்தனை கன்று நட்டன என்று இப்போது படிவத்தில் கேட்கிறீர்கள். போன வருஷம் நட்டதில் இந்த ஜூனில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அதே படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். ஒரே ஒரு கட்டம். எல்லாப் பள்ளியிலும் மே மாதத்துத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா வகுப்பிலும் கட்டாயம் என்று, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. அதன் பிறகு பாடப்புத்தகத்தில் பக்கங்கள் வந்தன, பள்ளிச் சுவரில் தேசிய பசுமைப் படை என்ற பலகை வந்தது. எங்கள் பள்ளியிலும் அந்தப் பலகை இருக்கிறது. அந்தச் சுவரின் ஓட்டையில்தான் பிள்ளைகள் பைப்பை விட்டார்கள்.

இனி சொல்லப்போவது என்னைப் போன்ற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும். சொல்லச் சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. முதல் மாதம் குடம் தூக்கியது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மண்வெட்டி பிடித்தது பையன்கள். வாய்க்கால் நாரை எடுத்து மாற்றும் வேலை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, ஒரே தெருப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அறிவியல் ஆசிரியை மூன்றாவது வெள்ளிக்கிழமையே அதைக் கவனித்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்து அமைத்த மகிழ் முற்றம் குழுக்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஏற்கெனவே இருக்கின்றன, அதில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்துதான் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு திணை என்று முறை போட்டார். நார் மாற்றுவது உள்பட எல்லாமே அந்த வாரம் அந்தத் திணையின் வேலை. முதல் முறை வாளிக்குள் கையை விட்டவர் அவரே. ஒரு பிள்ளையின் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். ஆசிரியை பதில் பேசாமல் அவரைக் கல்வாழைப் பாத்தி வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டினார். அந்தப் பையன் இப்போதும் முறை தவறாமல் நார் மாற்றுகிறான். மரம் வளர்க்கிற எல்லாப் பள்ளியும் யார் கையில் மண்வெட்டி, யார் கையில் துடைப்பம் என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அந்தப் பசுமையைப் பார்த்து நாம் மகிழ்வதற்கு நியாயமில்லை.

கட்டடம் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குப் புது வகுப்பறை வருகிறது, மகிழ்ச்சி. கூரை ஒழுகும் அறையில் படித்த பிள்ளைகள் இவர்கள். ஆனால் கோடு போட வந்தவர்கள் கொண்டுவந்த வரைபடத்தில் மரங்களே இல்லை, வெறும் காலி இடமாகக் காட்டியிருந்தது. முதல் வருஷம் பிழைத்த மூன்றில் ஒன்று, இப்போது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த வேம்பு, அஸ்திவாரக் கோட்டுக்குள் நிற்கிறது. கட்டடத்தைப் பன்னிரண்டு அடி தள்ளினால் போதும். இடமும் இருக்கிறது. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி பள்ளி வளாகத்துக்குள் வரும்போது, மதிப்பீடு போடுவதற்கு முன்பே மரங்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறிப்பதற்குப் பிள்ளைகளையே கூப்பிடலாம். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நூல் வைத்து அளந்து, மாதவாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேம்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது பங்குனி. மதிலோரத்துப் புங்கைகள் இலை கொட்டி முடித்துத் துளிர்க்கத் தொடங்கிவிட்டன. துளிர் இன்னும் செம்புநிறமாகத்தான் இருக்கிறது, தொட்டால் ஈரமாக இருப்பதுபோல் இருக்கிறது. நடுவில் காலியான இடங்களில், போன ஐப்பசியில் வேம்பும் பூவரசும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு உயிர். ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கன்றுகளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்தப் பானையில் விரிசல், எந்தக் கன்றுக்குச் சாயங்காலம் ஊற்றினால் நல்லது என்றெல்லாம்.

மே முதல் தேதி சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் தேர்வு முடிவதற்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பட்டியல் எங்களிடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்